காபன்-14 ஏன் நெடுங்காலம் வாழ்கின்றது?

பழைய மரத்துண்டொன்றின் வயதைக் கணிக்கக் காபன்-14 உதவுவதைப் பாடசாலையில் கற்றிருப்பீர்கள். நைதரசனாகச் சிதையும் அதன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 5,730 ஆண்டுகள். அதே வகையிற் சிதையும் ஈலியம்-6இற்கோ ஒரு செக்கன்கூட இல்லை. ஏன் இத்தாமதம்? இவ்வினா அறிஞரைப் பல்லாண்டுகள் மயக்கியது.

காபன்-14இன் கருவில் 6 புரோத்தன்களும் 8 நியூத்திரன்களும் உள. ஒவ்வொன்றும் ஏனைய பதின்மூன்றுடனும் ஒரே வேளையில் விசையாற் பிணைந்திருப்பதால், ஒன்று அசைந்தால் அனைத்தும் அசையும். முன்னாளில் இவற்றுட் பலவற்றை அசையாத உள்ளகமாகக் கொண்டு கணித்தனர். முதற்கோட்பாட்டு முறை அச்சலுகையைத் தருவதில்லை. துகள்களுக்கிடையிலான விசைகளிலிருந்து தொடங்கிப் பதினான்கையும் சேர்த்தே கணிக்க வேண்டும்.

2011இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீற்றர் மாரிஸ், ஜேம்ஸ் வேரி முதலானோர், அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் ஆய்வுகூடத்திலிருந்த 'ஜாகுவார்' மீக்கணினியில் இதனைக் கணித்தனர். இவ்விரண்டு துகள்களுக்கிடையிலான விசைகளை மட்டும் கொண்டபோது, கரு மிக விரைவிற் சிதைந்துவிடும் என்றே விடை வந்தது. பின்னர், மூன்று துகள்கள் ஒருங்கு கூடும்போது மாத்திரம் தோன்றும் விசையையும் சேர்த்தனர். (மூவர் கூடிய இடத்துப் பேச்சு வேறு என்பதைப் பெற்றோர் அறிவர்!) அப்போது சிதைவுக்கான பங்களிப்புகள் நேரும் மறையுமாகி, ஒன்றையொன்று ஏறக்குறைய முற்றாக நீக்கின. இந்நீக்கம் இல்லையேல் மரத்துண்டினுள் மணிக்கூடே இராது. எஞ்சுவது மிகச் சிறிய மீதி. அதன் அளவைத் துல்லியமாகக் கணிப்பதுதான் மிகக் கடினம்.