கட்சியைத் தவிர வேறு வேலை பார்த்திராதவர் எம்.எல்.ஏ. ஆகலாமா?

கேள்வி: எங்கள் தொகுதியில் நிற்கும் ஒருவர் கல்லூரி நாளிலிருந்தே கட்சியே கதி என்று இருப்பவர். ஒரு நாள்கூட வேறு வேலைக்குப் போனதில்லை. அலுவலக உதவியாளர் வேலைக்கே தகுதி கேட்கிற நாட்டில், சட்டமன்றத்துக்குப் போகிறவர் பத்து வருஷமாவது ஒரு தொழில் பார்த்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டால் என்ன?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அந்தச் சட்டம் வேண்டாம் என்பேன்.

சட்டமன்றத்துக்குப் போட்டியிட அரசியலமைப்பின் 173-ஆவது பிரிவு குடியுரிமையையும் 25 வயதையும் கேட்கிறது. படிப்பையோ தொழிலையோ கேட்கவில்லை. வேட்பாளரின் பிழைப்பைச் சட்டம் கண்டுகொள்ளவே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஆதாயம் தரும் அரசுப் பதவியில் இருப்பவர் உறுப்பினராக முடியாது என்கிறது 191-ஆவது பிரிவு. அரசுக்குப் பொருள் வழங்கவோ அரசுப் பணி செய்யவோ ஒப்பந்தம் எடுத்து நடத்திக்கொண்டிருப்பவருக்குத் தகுதியில்லை என்கிறது, 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ஒருவருக்கு என்ன வேலை தெரியும் என்பதைவிட, எங்கிருந்து காசு வருகிறது என்பதில்தான் சட்டத்துக்குக் கவலை. எனக்கும் அதுதான்.

நீங்கள் சொல்லும் விதியை வைத்தால் முதலில் அடிபடப்போவது யார் என்று பாருங்கள். வீட்டையும் மாட்டையும் பார்த்துக்கொண்ட பெண்ணும், நாற்று நட்டுக் கூலி வாங்கியவரும் அனுபவச் சான்றிதழுக்கு எங்கே போவார்கள்? ஹரியானா 2015-இல் பஞ்சாயத்துத் தேர்தலுக்குக் கல்வித் தகுதி வைத்தது. பொதுப்பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் அதைவிடக் குறைவு. உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. சலுகை கொடுத்த பிறகும் ஏழைப் பெண்கள்தான் பெருமளவில் தகுதி இழந்தார்கள். ராஜஸ்தான் இதே மாதிரி விதியைக் கொண்டுவந்து, 2019-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

சரி, சட்டம் வேண்டாம். வெளி அனுபவமாவது வேண்டாமா? காமராஜரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. விருதுநகரில் மாமாவின் துணிக்கடை, கொஞ்ச நாள் திருவனந்தபுரத்தில் மரக்கடை. தொழில் என்று பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் காங்கிரஸும் சிறையும். 1954-இல் முதலமைச்சரானபோது, கட்சித் தலைமைக்குத் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையே அமைச்சராக்கி நிதியையும் கல்வியையும் கொடுத்தார். அவர் வக்கீல், விவரம் தெரிந்தவர். யாரிடம் எதை ஒப்படைப்பது என்ற அந்தக் கணக்கைக் காமராஜர் கற்றது கட்சியில்தான்.

எதிர்ப்பக்கத்து உதாரணம் மன்மோகன் சிங். பொருளாதாரப் பேராசிரியர், ரிசர்வ் வங்கி ஆளுநர். 1991 ஜூலை 24 அன்று அவர் பட்ஜெட் தாக்கல் செய்த அதே நாளில், தொழில் துறையைத் தன் கையில் வைத்திருந்த பிரதமர் நரசிம்ம ராவின் அரசு புதிய தொழில் கொள்கையையும் வெளியிட்டது. படிப்பாளி எழுதிய திட்டத்தைப் பெரும்பான்மை இல்லாத அரசில் கரையேற்ற, 1957-இலேயே சட்டமன்றம் பார்த்த ஒரு முழுநேர அரசியல்வாதி தேவைப்பட்டார். மன்மோகன் சிங் மக்களவைக்கு ஒரே முறை, 1999-இல் தெற்கு டெல்லியில் நின்றார், தோற்றார்.

'எல்லாரும் காமராஜரா?' என்று கேட்பீர்கள். இல்லைதான். அதனால்தான் கட்சி வேலை என்று அவர் பார்த்தது என்ன வேலை என்று கேட்கச் சொல்கிறேன். தாலுகா அலுவலகத்தில் நின்று பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனு எழுதிக் கொடுத்தவருக்கு, கோப்பு எந்த மேஜையில் தூங்கும் என்று தெரியும். அந்த அறிவு பன்னாட்டு நிறுவன மேலாளருக்குக்கூட இருக்காது. மாவட்டச் செயலாளர் பிறந்தநாளுக்கு ஃபிளெக்ஸ் வைத்ததே ஒருவரின் கட்சி வேலை என்றால், உங்கள் சந்தேகம் சரி.

சொந்தத் தொழில் இருப்பதில் ஒரு நன்மை உண்டு. நாளைக்கே சீட்டு கிடைக்காவிட்டாலும் அடுப்பு எரியும் என்பவர், கட்சிக் கூட்டத்தில் தலைமையிடம் ஒரு வார்த்தை மறுத்துப் பேசலாம். கொறடா உத்தரவை மீறினால் 1985-ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவி பறிபோகலாம் என்பதால் அவையில் வாய்ப்பு குறைவு. வெளியிலாவது பேச முடியும். ஆனால் அந்தத் தொழில் மணல், கல்குவாரி, தனியார் கல்லூரி என்று அரசின் அனுமதியை நம்பி நடப்பதாக இருந்தால், தொழிலே இல்லாதவர் தேவலை.

எனவே வேட்புமனுவோடு தரும் படிவம் 26 உறுதிமொழிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும். வேட்பாளர், வாழ்க்கைத்துணை இருவரின் தொழிலும், வருமானம் வரும் வழியும், ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கும், சொத்தும் கடனும் அதில் இருக்கும். தொழில் என்ற இடத்தில் 'சமூக சேவை' என்று எழுதியிருந்து, சொத்து மட்டும் போன தேர்தலைவிடப் பல மடங்கு ஏறியிருந்தால், ஓட்டுக் கேட்டு வரும்போது அதையே கேளுங்கள். நேராகப் பதில் சொல்கிறவர் வேறு வேலைக்கே போகாதவராக இருந்தாலும், யோசித்துப் பார்த்து ஓட்டுப் போடலாம்.