புது காஸ்கெட் வைக்குமுன் அலுமினிய இஞ்சினைச் சுத்தம் செய்யும் முறை

பழனி மலைத்தொடரில் கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதனை அடுத்த பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி முதலிய கிராமங்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, காரட் முதலியனவும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளில் காப்பி, மிளகு, மலைவாழை முதலியனவும் பயிராகின்றன. ஓடையிலிருந்து படிவயல்களுக்கு நீர் ஏற்றுவதற்குச் சிறு பம்பு இஞ்சின்களும், விளைபொருள்களைச் சந்தைக்கு இறக்குவதற்கு ஜீப்புகளும் இங்கு மிக அவசியமானவை. மாசி, பங்குனியில் ஓடை சுருங்குங்காலத்தில் பம்பு நின்றுவிடின் பயிர் வாடும். பெரிய மராமத்துக்கோ, மலையை விட்டு வத்தலக்குண்டுக்கோ பழனிக்கோ இறங்க நேரிடும். ஆகவே காஸ்கெட் மாற்றும் வேலையை முதல் தடவையிலேயே செவ்வையாகச் செய்தல் லாபகரமானது.

காஸ்கெட் கெடுவதன் காரணம்

உயரம் ஏற ஏறக் காற்று மெலிகின்றது. மெலிந்த காற்று இஞ்சினைக் குளிர்விக்கும் சக்தியிற் குறைந்தது. திறந்த பாத்திரத்தில் நீர் கடற்கரையில் 100 டிகிரி சூட்டில் கொதிக்கும். கொடைக்கானலிலோ சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்காவிடின், மலையேறும் ஜீப்பின் நீர் விரைவில் ஆவியாகி, ஹெட் அளவுக்கு மேல் சூடேறும். அலுமினியம் சூட்டினால் இரும்பைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும் தன்மையது. இரும்பு பிளாக்கின்மேல் அலுமினிய ஹெட் இறுக்கப்பட்டிருப்பின், இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து காஸ்கெட்டை அரைக்கின்றன. அதிகச் சூட்டில் ஹெட் வளைந்தும் போகின்றது. மேலும் அலுமினியம் மிருதுவான உலோகமாதலால் எளிதிற் கீறுபடும்.

கழற்றுதல்

இஞ்சின் முற்றிலும் ஆறிய பின்னரே போல்ட்டுகளைத் தொடவேண்டும். வெளிப்புறத்தவற்றை முதலிலும் நடுவிலுள்ளவற்றைப் பின்னருமாக, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்துக. ஹெட் ஒட்டிக்கொண்டிருந்தால் மரச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுக. இடுக்கில் திருப்புளியைச் செருகி நெம்புதல் கூடாது. அதனால் உண்டாகும் பள்ளத்தைப் புது காஸ்கெட் மூடாது.

சுத்தம் செய்தல்

1. நீர், எண்ணெய் செல்லும் துவாரங்களையும் சிலிண்டரையும் சுத்தமான துணியால் அடைத்துக்கொள்க.

2. ஒட்டியுள்ள பழைய காஸ்கெட்டைத் தின்னர் அல்லது அதற்கென விற்கும் கரைப்பான் பூசிச் சிறிது நேரம் ஊறவிடுக. இவ்வேலையைத் திறந்த வெளியில் செய்க. அருகில் அடுப்போ பீடியோ இருத்தலாகாது.

3. காரசோடா கலந்த நீரை அலுமினியத்தின்மேல் ஒருபோதும் ஊற்றவேண்டாம். இரும்பைச் சுத்தம் செய்யும் அந்நீர் அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும்.

4. ஊறிய பின் பிளாஸ்டிக் தகடு அல்லது மூங்கிற் பத்தையைத் தட்டையாகப் பிடித்துச் சுரண்டுக. சுழலும் கம்பிப் பிரஷும் எமரித் தட்டும் விலக்கத்தக்கன. அவை கண்ணுக்குப் புலனாகாத பள்ளங்களை உண்டாக்குவதுடன், உதிரும் கடினத் துகள்கள் எண்ணெயோடு சென்று பேரிங்குகளைத் தேய்த்துவிடும்.

5. மிகப் பழைய காஸ்கெட்டுகளில் கல்நார் கலந்திருத்தல் கூடும். அவற்றை உலர்ந்த நிலையில் தேய்ப்பதும் ஊதுவதும் நுரையீரலுக்குக் கெடுதி, நனைத்தே எடுக்கவேண்டும்.

6. போல்ட் துவாரங்களில் நீரோ எண்ணெயோ தங்கியிருப்பின் வெளியேற்றுக. அடிப்புறம் மூடிய துவாரத்தில் திரவம் இருந்தால், போல்ட்டை இறுக்கும்போது அது செல்ல வழியின்றி வார்ப்பைப் பிளந்துவிடும்.

7. கடைசியாகப் பஞ்சு உதிராத துணியில் தின்னர் நனைத்து, துணியில் கறை படியாத வரையில் துடைக்கவும். அதன்பின் அவ்விடத்தை விரலால் தொடலாகாது. கையின் எண்ணெயும் ஒட்டிக்கொள்ளும்.

சமமாயிருத்தலைச் சோதித்தல்

நேரான எஃகுப் பட்டையை ஹெட்டின் நீளவாட்டிலும், அகலவாட்டிலும், இரு மூலைவாட்டங்களிலும் வைத்து, அடியில் பீலர் கேஜ் நுழைகின்றதா எனப் பார்க்கவேண்டும். எவ்வளவு இடைவெளி தகுமென்பது இஞ்சினுடன் வந்த புத்தகத்திற் காணப்படும். பெரும்பாலும் அது 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் வரையில்தான். அதற்கு மேற்பட்டால் ஹெட்டைப் பட்டறையில் கடைந்து சமன் செய்தபின்னரே பொருத்துக. வளைந்த ஹெட்டின்கீழ் எத்தனை புது காஸ்கெட் வைத்தும் பயனில்லை. நீர்த்துவாரங்களைச் சுற்றி அரிப்புக் குழிகள் காணப்படின், வெறும் ஓடைநீரை ஊற்றும் வழக்கத்தை நிறுத்தி, அரிப்பைத் தடுக்கும் கூலண்டை உபயோகித்தல் நன்று.

பொருத்துதல்

அடைத்த துணிகளை எண்ணி எடுத்துவிடுக. காஸ்கெட்டின் துவாரங்கள் பிளாக்கின் துவாரங்களோடு ஒத்திருத்தலைக் கவனித்து, புத்தகம் கூறினாலன்றிக் கிரீஸோ பசையோ தடவாது உலர்ந்தபடியே வைக்கவேண்டும். இறுக்குவது தளர்த்தியதற்கு நேர்மாறானது: நடுவிலிருந்து தொடங்கி, குறுக்காக மாறிமாறி, இரண்டு மூன்று தவணைகளில் டார்க் ரெஞ்சினால் குறித்த அளவு வரை இறுக்குக. கைவலிமையை நம்பி இறுக்கினால் அலுமினியத்தின் மரை கழன்றுவிடும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்திற்கு

பலருக்குப் பொதுவான பம்பு இஞ்சின் உள்ள கிராமங்களில், காஸ்கெட் மாற்றிய தேதி, இறுக்கிய அளவு, பட்டறையில் கடைந்த விவரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் பதிவு செய்தல் நலம். ஒரே இஞ்சினில் காஸ்கெட் அடிக்கடி போகுமாயின், குற்றம் காஸ்கெட்டில் இராது. வளைந்த ஹெட்டிலோ, மிதமிஞ்சிய சூட்டிலோ, அரைகுறைச் சுத்தத்திலோதான் இருக்கும். அரை நாள் பொறுமையாகச் செய்யும் சுத்தம் ஒரு போகத்தின் பயிரைக் காக்கும்.