மாரி மழையும் மோட்டார் சைக்கிளும்

ஐப்பசி பிறந்ததும் எமது பகுதியில் வயலில் விதைப்பும் வீதியில் மழையும் ஒன்றாகவே தொடங்குகின்றன. இடப்பெயர்வினால் குடியிருப்பு ஓரிடத்திலும் காணி வேறிடத்திலுமாகிப்போன குடும்பங்கள் எம்மிடையே பல. அவர்களுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அன்று. உரமூடையைச் சுமப்பதும், பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு செல்வதும், பிள்ளையைப் பாடசாலையில் இறக்குவதும் அதுவே. மழை என்பதற்காக அதை வீட்டில் நிறுத்திவைக்க எம்மால் முடியாது.

ஆனால் ஒரு விழுகையில் உழைப்பவரின் கை முறிந்தால், அந்தக் காலபோகமே போய்விடும். ஆகவே மழையில் ஓடுவது எப்படி என்பதை நாம் ஒரு தொழிலாகவே கற்றுக்கொள்ள வேண்டும்.

வரம்பு கற்றுத்தந்த பாடம்

ஈரமான வரம்பில் நாம் எப்படி நடக்கிறோம்? ஓடுவதில்லை. சட்டென்று திரும்புவதில்லை. சிறிய அடியாக, பாதத்தை நன்றாகப் பதித்து நடக்கிறோம். மழையில் மோட்டார் சைக்கிள் ஓடுவதும் இதே முறைதான்.

வண்டியைத் தாங்கி நிற்பது ரயர் வீதியைத் தொடும் உள்ளங்கை அளவு இடம் மாத்திரமே. அந்த இடத்தில் நீர் புகுந்தால் பிடிமானம் குறைகிறது. வேகத்தைக் கூட்டுவது, பிறேக் பிடிப்பது, வளைப்பது ஆகிய மூன்றும் அந்தக் குறைந்த பிடிமானத்தையே பங்குபோடுகின்றன. இரண்டை ஒரே நேரத்தில் பலமாகச் செய்தால் வண்டி வழுக்கும். எனவே எதையும் முன்கூட்டியே தொடங்குவோம், மெதுவாகச் செய்வோம், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வோம்.

புறப்படு முன்

1. ரயரைத் தடவிப் பார்ப்போம். அதன் வெட்டுக்கள் நீரை வெளியே தள்ளும் வாய்க்கால்கள். அவை தேய்ந்துபோன ரயர் கோடையில் ஓடினாலும் மாரியில் எம்மை விழுத்தும். காற்று, தயாரிப்பாளர் சொன்ன அளவில் இருக்கட்டும்.

2. இரண்டு பிறேக்குகளையும் முன் பின் விளக்குகளையும் சோதிப்போம். மழையில் பகலிலும் விளக்கை எரியவிடுவோம். அது நாம் பார்ப்பதற்காக அல்ல, லொறிக்காரர் எம்மைக் காண்பதற்காக.

3. ஓடுபவரும் பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணிந்து பட்டியைப் பூட்டுவோம். பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு மீளாய்வு 2008இல் வெளியாகியது. தலைக்கவசம் உயிரிழப்பை ஏறத்தாழ 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைக்கிறது என்று அது காட்டியது. பூட்டாத கவசம் விழும்போது கழன்று போகும்.

4. பின்னால் இருப்பவர் குடை பிடிப்பது கூடாது. காற்று குடையைத் தள்ளும்போது வண்டியையும் சேர்த்தே தள்ளும். தொங்கும் பொலித்தீனும் சேலைத் தலைப்பும் சில்லிலோ செயினிலோ சிக்கும். உடலோடு ஒட்டிய மழை அங்கியே நல்லது.

5. 50 கிலோ உரமூடையையும் பிள்ளையையும் ஒரே பயணத்தில் ஏற்ற வேண்டாம். பாரம் கூடினால் நிற்பதற்குத் தேவையான தூரமும் கூடும்.

வீதியில்

மழை தொடங்கும் முதற் சில நிமிடங்களில் கூடுதல் கவனம் தேவை. பல நாள் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வீதியை வழுக்கலாக்கும். முடிந்தால் ஒரு கடைத் தாழ்வாரத்தில் சிறிது நேரம் ஒதுங்கி நிற்போம்.

மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் நாம் ஒரு செக்கனில் 11 மீற்றர் போகிறோம். வேகம் இரு மடங்கானால், பிறேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். ஈர வீதியில் அது இன்னும் நீளும். முன்னால் போகும் வாகனம் ஒரு மரத்தைக் கடந்ததும் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று எண்ணத் தொடங்குவோம். ஆயிரத்து நான்கு சொல்லி முடிப்பதற்குள் நாம் அந்த மரத்தை அடைந்தால், மிக நெருங்கிவிட்டோம் என்பது பொருள்.

முன் பிறேக்கைத் தொடவே அஞ்சுவோர் உண்டு. அது தவறு. வண்டியை நிறுத்தும் பெரும் பலம் முன் பிறேக்கிலேயே உள்ளது. வண்டி நேராக நிற்கும்போது இரண்டையும் ஒன்றாக, பால் கறப்பது போல மெல்ல அழுத்திக் கூட்டுவோம். வளைவுக்குள் நுழையு முன்னரே வேகத்தைக் குறைத்துவிடுவோம்.

விதைப்புக் காலத்தில் உழவு இயந்திரங்கள் வயற்சேற்றைத் தார் வீதிக்குக் கொண்டுவருகின்றன. அந்தச் சேறு, வீதியிற் பூசிய வெள்ளைக் கோடு, பாலத்தின் இரும்புத் தகடு ஆகிய மூன்றையும் நேராகவே கடப்போம். அவற்றின் மேல் வளைக்கவோ பிறேக் பிடிக்கவோ வேண்டாம். இரவில் கால்நடைகள் நீர் நில்லாத தார் வீதியில் வந்து படுத்திருக்கும். விளக்கு வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகமே எமது வேகமாக இருக்கட்டும்.

இடி முழங்கும்போது வயல்வெளி வீதியில் வண்டி எமக்குப் பாதுகாப்பு ஆகாது. தனிப்பனையின் கீழும் நிற்க வேண்டாம். அருகிலுள்ள கட்டடத்துக்குள் போவோம்.

தாம்போதியில் நீர் பாயும்போது

ஆழமறியாமல் காலை விடாதே என்றனர் முன்னோர். ஓடும் நீர் அரை அடி உயரமே இருந்தாலும் வளர்ந்த ஒருவரின் காலை இழுத்துவிடும். கலங்கல் நீருக்குக் கீழே வீதி அரித்துப் போயிருப்பதும் தெரியாது. 2024 நவம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டத்தின் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் பாய்ந்தபோது, மத்ரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரமே அடித்துச் செல்லப்பட்டது. பிள்ளைகள் உயிரிழந்தார்கள். உழவு இயந்திரத்துக்கு அந்தக் கதி என்றால், மோட்டார் சைக்கிள் எம்மாத்திரம்?

எமது ஊரில் மழை விட்டாலும் மேலே பெய்த மழை குளத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதும் கிளிநொச்சியில் வெள்ளம் பரவியதும் எமக்கு நினைவிருக்கிறது. காலையில் கடந்த தாம்போதி மாலையில் கடக்கக்கூடியதாக இராது. நீர் ஓடினால் திரும்புவோம். ஒரு நாட் பால் கெட்டால் கெடட்டும்.

தேங்கி நிற்கும் ஆழமற்ற நீரைக் கடந்த பின்னர் பிறேக் நனைந்திருக்கும். மெதுவாக ஓடியபடி சிறிது தூரம் இலேசாகப் பிடித்து விட்டால் அது காய்ந்துவிடும்.

யாராவது விழுந்தால்

முதலில் பின்னால் வரும் வாகனங்களை எச்சரிப்போம். கழுத்தையோ முதுகையோ நோவதாகச் சொல்பவரைத் தூக்கி நிறுத்த வேண்டாம். 2016இல் நாட்டில் ஆரம்பிக்கப்பட்ட இலவச அம்புலன்ஸ் சேவையை இன்று 1990 என்ற இலக்கத்தில் எல்லா மாகாணங்களிலும் அழைக்கலாம்.

பதறாத காரியம் சிதறாது. மழை நாளில் அரை மணி நேரம் முந்திப் புறப்படுவோம். அந்த அரை மணி நேரத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

கலந்துரையாடுவதற்கு

1. எமது ஊரில் எந்தெந்த இடங்களில் நீர் வீதியைக் கடந்து பாய்கிறது? அங்கே அளவுக் கம்பம் நாட்டுவதற்கு யாரை அணுகலாம்?

2. வெள்ள நாட்களில் ஓரிருவர் மட்டும் மாற்று வழியால் எல்லோருடைய பாலையும் கொண்டு செல்ல ஒழுங்கு செய்ய முடியுமா?

3. அடுத்த கூட்டத்துக்கு வண்டிகளைக் கொண்டுவந்து, ஒருவர் வண்டியின் ரயரை மற்றவர் சோதித்துச் சொல்வோமா?