கேமில் உங்கள் பேச்சு எடுபடுமா? ‘ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்’ கதைத் தேர்வுகள் – புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பயோவேர் நிறுவனம் 2011 டிசம்பரில் வெளியிட்ட இந்த ஆன்லைன் கேமில், உரையாடலுக்கு உரையாடல் என்ன பதில் சொல்வதென்று நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். கொஞ்ச நேரம் ஆடியதுமே ஒரு சந்தேகம் வரும்: எதைச் சொன்னாலும் கதை ஒரே இடத்துக்குத்தானே போகிறது? பாதி உண்மை. குடியரசுக்கும் பேரரசுக்கும் நடக்கும் போரின் போக்கு உங்கள் கையில் இல்லை. உங்கள் கேரக்டர் எப்படிப்பட்டவர், அவரோடு யார் நிற்கிறார்கள் என்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான்.

படி 1: எது மாறாது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே கிரகத்தில் பலர் ஒரே சமயத்தில் ஆடுகிறார்கள். நீங்கள் ஒரு நகரத்தை அழித்துவிட்டால், அடுத்து வருபவருக்கு ஆட இடம் இருக்காது. அதனால் பொதுவெளி எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். உங்கள் சொந்தக் கதை, பச்சை ஒளித்திரை போட்ட வாசலுக்கு உள்ளே நடக்கும். சிவப்புத் திரை தெரிந்தால் அது உங்களுக்கான இடமல்ல.

படி 2: வகுப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

கேமிலேயே கனமான முடிவு, ஆட்டம் தொடங்கும் முன் எடுப்பதுதான்: உங்கள் கேரக்டரின் வகுப்பு, அதாவது அவர் எந்த வகை ஆள் என்பது. குடியரசுக்கு 4, பேரரசுக்கு 4 என மொத்தம் 8 வகுப்புக் கதைகள். ஒவ்வொன்றும் தனிக்கதை. தேர்வுகளின் விளைவைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சித் வாரியர் அல்லது இம்பீரியல் ஏஜென்டில் தொடங்குங்கள்.

படி 3: ஒளி–இருள் புள்ளிகளுக்கு மயங்காதீர்கள்

சில பதில்கள் ஒளிப் பக்கப் (நன்மை) புள்ளி தரும், சில இருள் பக்கப் (தீமை) புள்ளி தரும். இருள் ஏற ஏற முகம் வெளிறி, கண் நிறம் மாறும். பிடிக்காவிட்டால் அந்தத் தோற்றத்தை மறைத்துவிடலாம். புள்ளி வெறும் கணக்குதான், கதையைத் திருப்புவது அதுவல்ல. புள்ளிக்காகப் பதில் சொல்லத் தொடங்கினால் உங்கள் கேரக்டருக்கு என்று ஒரு குணமே இல்லாமல் போகும்.

படி 4: துணைவர்கள் விஷயத்தில் நிதானியுங்கள்

(கதையின் சில திருப்பங்கள் இங்கே வெளிப்படுகின்றன.)

தேர்வுகள் உண்மையில் பலிப்பது இங்கேதான். சித் வாரியர் கதையில் வெட் என்ற பெண் கழுத்தில் மின்பட்டையோடு உங்களிடம் வருகிறாள். அதைக் கழற்றலாம், ஷாக் கொடுத்தும் வதைக்கலாம். அதற்கேற்ப அவள் உங்களிடம் பேசும் விதம் மாறும். ஜேசா என்ற ஜெடாய் ஒளிப் பக்கத்திலேயே நிற்பாளா, கொடூரமான சித் ஆவாளா என்பதும் உங்கள் முடிவு. 2016இல் வந்த ‘நைட்ஸ் ஆஃப் தி எடர்னல் த்ரோன்’ விரிவாக்கத்தில் வெட், டோரியன் என்ற இரு துணைவர்களில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். மற்றவர் இறந்துவிடுவார்.

படி 5: குழுவாக ஆடினால்

‘பிளாக் டேலன்’ என்ற குழுப் பணியில், கட்டளையை மீறிய கப்பல் தலைவரைக் கொல்வதா, விடுவதா என்று கேள்வி வரும். குழுவில் ஆளுக்கொரு பதிலைத் தேர்ந்தெடுப்பார்கள். கேம் எல்லோருக்கும் பகடை உருட்டும். அதிக எண் விழுந்தவர் பதில்தான் நடக்கும். தோற்றாலும், நீங்கள் தேர்ந்த பதிலுக்கான புள்ளி உங்களுக்கு வந்துவிடும்.

படி 6: அவசரத்தைத் தவிருங்கள்

• பதிலின் சுருக்கம்தான் திரையில் தெரியும். கேரக்டர் வாய்விட்டுச் சொல்வது இன்னும் காட்டமாக இருக்கலாம். உரையாடல் முடிவதற்குள் எஸ்கேப் பொத்தானை அழுத்தினால் வெளியே வந்து மறுபடி தொடங்கலாம்.
• பழைய அத்தியாயங்களைத் தாண்டிக் குதித்தால், அவற்றின் முடிவுகளைக் கேமே எடுத்துவிடும்.
• கேமுக்குள் வரும் அஞ்சல்களைப் படியுங்கள். நீங்கள் உயிரோடு விட்டவர்கள் பிறகு எழுதுவதுண்டு.

படி 7: இரண்டாவது கேரக்டர்

வகுப்புக் கதைகளுக்குக் கட்டணம் இல்லை. முதல் கேரக்டர் இரக்கப்பட்ட இடத்தில் இரக்கமே இல்லாத இன்னொருவரை அதே வகுப்பில் அனுப்பிப் பாருங்கள். எந்தப் பதில் சும்மா வசனம், எது ஓர் உயிரின் தலையெழுத்து என்பது அப்போது தெளிவாகும்.