வடக்கைக் குறித்த பின்பே வீட்டு மாதிரி

இடம்பெயர்ந்து பல ஆண்டுகளுக்குப் பின் சொந்த வளவிலோ புதிய காணியிலோ வீடு கட்டப்போகும் குடும்பத்தில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை அறை?" என்பதே. அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: இந்தக் காணியில் வடக்கு எது?

வீட்டுத் திட்டங்களில் பலருக்கும் ஒரே வரைபடம் கொடுக்கப்படுவதுண்டு. தாளின் மேற்பக்கமே வடக்கு என்று நாம் எண்ணிவிடுகிறோம். அது எப்போதும் சரியன்று. அம்புக்குறி காட்டும் பக்கமே வடக்கு. குறி இல்லாவிட்டால் வரைந்தவரிடம் கேட்டுப் போடுவியுங்கள். வீதியை மட்டும் பார்த்து வீட்டைத் திருப்பினால், விறாந்தை மேற்கே வந்து பின்னேர வெயில் முழுவதையும் வாங்கக்கூடும். கட்டிய சுவரைத் திருப்ப முடியாது. மட்டையாற் செய்த மாதிரியைத் திருப்பலாம்.

வடக்கைக் காணும் முறை

1. சமதரையில் மூன்றடித் தடியொன்றை நேர்குத்தாக நடுங்கள்.
2. காலை ஒன்பது மணியளவில் நிழலின் நுனியில் முளை அடியுங்கள். தடியிற் கயிறு கட்டி, அந்த முளையைத் தொடும்படி வட்டம் கீறுங்கள்.
3. பின்னேரம் நிழல்நுனி மறுபடி வட்டத்தைத் தொடும் இடத்தில் இரண்டாம் முளையை அடியுங்கள்.
4. இரு முளைகளையும் இணைக்கும் கோடு மேற்கு கிழக்கு. முதல் முளை இடக்கைப் பக்கமும் மற்றது வலக்கைப் பக்கமும் இருக்க நின்றால், நீங்கள் பார்ப்பது வடக்கு. மூலைமட்டம் வைத்து அக்கோட்டைக் கீறுங்கள்.

முன்னோர் சங்கு நாட்டித் திசை கண்டதும் இவ்வாறே. நண்பகல் நிழலை மட்டும் நம்பவேண்டாம். எமது வடபகுதியில் ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் இறுதிவரை அது தெற்கே விழும். இரும்புக் கம்பிக்கு அருகில் திசைகாட்டியும், கைப்பேசியில் உள்ளதும் பிழை காட்டும்.

மாதிரியைப் பரிசோதித்தல்

ஓரடிக்கு அரை அங்குலமாக எடுத்தால் 20 அடிச் சுவர் 10 அங்குலமாகும். அடிமட்டையில் வடக்கு அம்பைக் கீறி, வளவில் நீங்கள் கீறிய கோட்டுடன் பொருந்த வையுங்கள். காலை எட்டு மணிக்கும் பின்னேரம் நான்கு மணிக்கும் வெயில் எந்த வாசலால் நுழைகிறது என்று குடும்பமாகப் பாருங்கள். நீண்ட சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்த்தால் வெக்கை குறையும். சோழகம் தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் வீசுவதால், குசினி தென்கிழக்கு அல்லது வடமேற்கு மூலையில் இருந்தால் புகை வீட்டுக்குள் வருவது குறையும்.

கலந்துரையாட

உங்கள் வளவில் பின்னேர வெயிலைத் தடுக்கும் மரம் எப்பக்கம் நிற்கிறது? குசினியில் அதிக நேரம் நிற்பவரின் கருத்தை, அத்திவாரம் வெட்டுமுன் கேட்டீர்களா?