கொல்லாமரச் சாகுபடி

முந்திரி என்றும் கொல்லாமரம் என்றும் வழங்கும் இவ்விருட்சம் பிரேசில் தேசத்திற்கு உரியது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இதனை நம் மேல்கரைக்குக் கொணர்ந்தனர். பிற பயிர்கள் எளிதில் நிலையாத செம்மண் மேடுகளிலும் கடலோர மணற்பாங்குகளிலும் இது வளர்வதால், கடலூர் ஜில்லாவில் பண்ருட்டி, விருத்தாசலம் பகுதிக் குடியானவர்களுக்கு முக்கிய ஜீவனாதாரமாயிற்று. 2011 டிசம்பர் 30-ந் தேதி அடித்த ‘தானே’ புயலில், பல்லாண்டு பலன் தந்த தோப்புகள் ஒரே காலையில் சாய்ந்தன. இழந்த தோப்பைப் புதுப்பிப்போரும், தரிசில் புதிதாய் வைப்போரும் முதலில் கவனிக்கவேண்டியது கன்றின் தன்மையேயாம்.

கன்று:— முந்திரியில் அயல் மகரந்தச் சேர்க்கை நிகழ்வதால், நன்கு காய்க்கும் மரத்தின் கொட்டையை ஊன்றினாலும் தாய்மரத்தின் குணம் தவறாது அமையுமென்று சொல்வதற்கில்லை. பல ஆண்டுகள் காத்திருந்து, காய்ப்புக் குறைந்த மரமென அறிவது பெருநஷ்டமாகும். ஆகையால், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்த வி.ஆர்.ஐ. 3 போன்ற ரகங்களின் ஒட்டுக்கன்றுகளையே நடுதல் உசிதம்.

நடவு:— ஆனி முதல் மார்கழி வரை நடலாம். 23 அடி இடைவெளியில் ஒன்றரை அடி ஆழ, அகலக் குழிகள் எடுத்து, மேல்மண்ணுடன் மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பவேண்டும். ஏக்கருக்குச் சுமார் 80 கன்றுகள் பிடிக்கும். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே நிற்கவேண்டும். காற்றில் அசையாதிருக்கக் கழி ஊன்றிக் கட்டுக. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பவற்றை உடனே கிள்ளிவிடுக. முதலிரண்டு ஆண்டுகளில் தோன்றும் பூங்கொத்துக்களையும் நீக்கினால் மரம் பலப்படும். மரங்கள் படரும் வரை நிலக்கடலை, பயறு வகைகளை ஊடுபயிராக விதைத்து வருமானம் பெறலாம்.

பூச்சிகள்:— தேயிலைக் கொசு தளிரையும் பூங்கொத்தையும் உறிஞ்சிக் கருகச் செய்யும். தளிர், பூ, பிஞ்சு ஆகிய மூன்று பருவங்களிலும் தோப்பைக் கவனித்து, வேளாண் அலுவலர் யோசனைப்படி மருந்து தெளிக்கவேண்டும். அடிமரத்தில் பிசின் கசிந்து மரத்தூள் காணப்படுமாயின், தண்டுத் துளைப்பான் புகுந்துவிட்டதென்றறிந்து புழுவைத் தேடி அழிக்கவேண்டும். பட்டுப்போன மரத்தை வேருடன் அகற்றி எரிக்காவிடில் மற்ற மரங்களுக்கும் கேடு பரவும்.

அறுவடை:— மாசி முதல் வைகாசி வரை பழுத்துத் தானே உதிர்ந்தவற்றையே பொறுக்கவேண்டும். முற்றிய கொட்டை நீரில் அமிழும், முற்றாதது மிதக்கும். பொறுக்கிய கொட்டைகளை இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்துக. ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்குமாதலால் உடைப்போர் கவனமாயிருத்தல் வேண்டும். உயிர்ச்சத்து ‘சி’ மிகுந்த பழத்தை வீணே மண்ணில் அழுகவிடலாகாது. அதன் சாற்றில் அரிசிக் கஞ்சி கலந்து தெளியவைத்து இறுத்தால் கரகரப்பு நீங்கிப் பானமாகும்.

கிராம அதிகாரிகள், முந்திரி நின்ற நிலங்களை அடங்கலில் பிழையின்றிப் பதிதல் அவசியம். புயற்சேதம் நேருங்கால் குடியானவருக்கு அப்பதிவே ஆதாரம்.