குரலும் காலும்

வினா விளையாட்டுக்களை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நிகழ்த்துவோர் இருவகையினர். ஒருவர் அறிவிப்பாளர், மற்றவர் நடத்துநர். அறிவிப்பாளர் கண்ணுக்குப் புலனாகாது நின்று, நிகழ்ச்சியின் பெயரையும் பரிசுப் பொருள்களின் சிறப்பையும் எடுத்துரைப்பர். நடத்துநரோ அவைமுன் தோன்றி, வினா விடுத்து, வென்றாரை வாழ்த்தித் தோற்றாரைத் தேற்றுவர். முன்னவர்க்குக் குரல் ஒன்றே போதும். பின்னவர்க்கோ தோற்றமும் நடையும் வேண்டும் என்பர் பலர். இக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதை, அமெரிக்க நாட்டினராகிய பில் கல்லன் என்பாரது வாழ்க்கை கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

கல்லன் 1920-ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் நகரிற் பிறந்தார். குழவிப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதம் அவரைப் பற்றியது. உயிர் பிழைத்தாராயினும், வாழ்நாள் முழுதும் கால் சாய்த்தே நடக்கலாயினார். தம் நகரத்து வானொலி நிலையத்தில் தொழில் பயின்று, 1944-இல் நியூயார்க் சென்று சி.பி.எஸ். நிறுவனத்தில் அறிவிப்பாளராய் அமர்ந்தார். 1946-இல் தோன்றிய 'வின்னர் டேக் ஆல்' என்னும் வானொலி நிகழ்ச்சியில் முதற்கண் அறிவிப்பாளராய் இருந்தவர், பின் அதன் நடத்துநராகவே உயர்ந்தார். வானொலி கேட்போர்க்குக் கால் தெரிவதில்லையன்றோ?

தொலைக்காட்சியின் இயல்பு வேறு. 1956 நவம்பரில் 'தி பிரைஸ் இஸ் ரைட்' தொடங்கிற்று. போட்டியாளர் ஒரு பொருளுக்கு விலை மதிப்பர்; உண்மை விலையை மிகாது, அதனை மிக நெருங்கியவர் அப்பொருளைப் பெறுவர். 1965 வரை இதனை நடத்தியவர் கல்லனே. திரை விலகும்போதே அவர் தம் இருக்கையில் இருப்பர். எழுந்து நடக்க வேண்டாதவாறு அரங்கம் அமைக்கப்பட்டது. ஆதலின் நாள்தோறும் அவரைக் கண்டோர் பலரும் அவரது ஊனத்தை அறிந்திலர். நகைச்சுவை நடிகர் மெல் புரூக்ஸும் அறிந்திலர். ஒருமுறை நிகழ்ச்சி முடிந்தபின் கல்லன் நடந்து வரக் கண்டு, வேடிக்கைக்காக அங்ஙனம் நடக்கிறார் என எண்ணித் தாமும் அவ்வாறே நடந்து எதிர் சென்றாராம். கல்லன் அதற்குச் சினந்திலர் என்று புரூக்ஸே பின்னாளிற் கூறினார்.

இங்ஙனம் மறைத்தது முறையோ? அவரது தொழில் சொல்லில் இருந்தது, காலில் இல்லை. ஆகவே காண்போர் ஏமாற்றப்பட்டாரல்லர் என ஒருசாரார் கூறலாம். அஃது உண்மையே. ஆயினும், அந்நோயால் தளர்ந்து வீட்டிலமர்ந்து அவரைக் கண்டு மகிழ்ந்த சிறுவர், 'இவரும் நம்மவரே' என்று தேறும் வாய்ப்பை இழந்தனர். அரங்கம் மறைத்தது குறையை மட்டுமன்று. அக்குறையை வென்ற பெருமையையும் மறைத்தது என்பதே எம் துணிபு.

கல்லன் 1980-ஆம் ஆண்டுகளிலும் 'பிளாக்பஸ்டர்ஸ்', 'தி ஜோக்கர்ஸ் வைல்ட்' முதலிய நிகழ்ச்சிகளை நடத்தி, 1990 ஜூலை 7-இல் இயற்கை எய்தினார். நடத்துநர்க்கு நடை வேண்டும் என்பார் கூற்று, அவர் பல்லாண்டு ஆற்றிய பணியாற் பொய்யாயிற்று. நம் கல்லூரி மேடையில் ஏற நாணி ஒதுங்கி நிற்கும் மாணவரை அடுத்த முறை காணுங்கால், அவரை மறைத்து அமர்த்த வழி தேடாது, அவர் உள்ளவாறே ஏறிவரக் கைகொடுப்போமாக.